கையை எடுத்த பிறகு

படிவத்தில் முதல் கேள்வி: பெயர்.
அதை விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போனேன்.

இடம்: வெருலத்துக்கு வடக்கே,
புதுச்சாலை வரப்போகும் மேடு.
மண்: சிவப்பு, மணற்பாங்கு.
உயரம்: என் முழங்காலுக்குக் கீழே,
பெக்கியின் பூட்ஸுக்குக் கொஞ்சம் மேலே.

புல்வெட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டு
அவர்தான் கூப்பிட்டார்.
"இதை வெட்டட்டுமா, வேண்டாமா?"

தொட்டாச்சிணுங்கி என்றேன்.
வாய் முந்திக்கொண்டது.
அப்புறம்தான் பூவைப் பார்த்தேன்.
மஞ்சள். ஐந்து இதழ்,
அதில் ஒன்று மட்டும் உள்பக்கம் குனிந்து.

தொட்டாச்சிணுங்கிக்கு இளஞ்சிவப்பில் பவுடர் பஞ்சு,
தண்டெல்லாம் முள்.
அது கீழே கரும்புக்காட்டு வாய்க்காலோரம் கிடக்கிறது,
கடல் தாண்டி வந்த செடி.
இதற்கு முள் இல்லை.

விரல் வைத்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
சரி, வேறேதோ என்று
பேனா தேடித் திரும்பினால்
இலை பாதி மூடியிருக்கிறது,
கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று
ஷட்டரை அரைவாசி இறக்கிய கடைபோல.

பெயர் வேண்டுமென்றால் சிற்றிலை எண்ண வேண்டும்.
எண்ண வேண்டுமென்றால்
தொடக் கூடாது.

முக்கால் மணி காத்திருந்தோம். விரிந்தது.
குப்புறப் படுத்தோம்,
ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர்,
போகிற லாரியெல்லாம் ஹார்ன் அடித்துக் கேலி செய்ய.
லென்ஸ் என்னிடம்.
நான் தமிழில் முணுமுணுக்க
அவர் ஜூலுவில் விரல் மடக்கினார்.
பன்னிரண்டு ஜோடி. பதினைந்து. பத்தொன்பது.
காம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கிண்ணம்,
அதில் வாய் வைத்திருந்தது ஓர் எறும்பு.
அதன் ஆறு காலையும் இலை பொறுத்துக்கொண்டது.
எங்கள் மூச்சுக்குத்தான் பயம்.

இருபத்திரண்டு எண்ணும்போது
எங்கோ கரும்பு கொளுத்தியிருக்கிறார்கள்.
மிதந்து வந்த கருஞ்சருகு ஒன்று
புகையைவிடக் கொஞ்சமே கனத்து
இலை நடுவில் உட்கார்ந்தது.
மூடிக்கொண்டது,
சாம்பலை உள்ளே வைத்து.

பெக்கி சிரித்தார்.
முழுப்பெயர் பெக்கிசிசா,
உற்றுப் பார் என்று அர்த்தமாம்.
"அம்மா வைத்தது.
முப்பது வருஷமாய்ப் புல்லை
ஓடுகிற ஓட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன்."
உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?
"எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.
மாடு தின்னும் என்பார்கள்."

ஒன்பதாம் கேள்வி:
இம்மண்ணுக்குரியதா, வந்தேறியா.
இரண்டு கட்டம்.
அப்பாவின் பழைய படிவங்களில் நாலு இருக்கும்.
முதலாவதில் குறியிட்டேன்.
பேனாவை ஒருமுறை உதற வேண்டியிருந்தது.

பெயர் எழுதும் கோட்டில், பென்சிலால்:
தொட்டாச்சிணுங்கி அல்ல.
ஆவாரைக்குத் தூரத்துச் சொந்தம்.
சிற்றிலை இருபத்திரண்டு ஜோடிக்குக் குறையாது.
தொட்டால் மூடும்,
தொட்டவர் கையை எடுத்த பிறகு.

நாலு குச்சி நட்டு ஆரஞ்சு நாடா கட்டினோம்.
அவர் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.
மேடு முழுக்க மழித்தாகிவிட்டது,
நடுவில் ஒரு பிடி தவிர.

அந்தச் சாம்பலை எடுத்துவிடலாமா என்று
குனிந்தேன்.
எடுக்க, தொட வேண்டும்.