ஐந்து துளைக் கணக்கு

குளம்பைத் தூக்கிப் பார்க்காமல்
லாடம் விற்பவனை நான் நம்புவதில்லை.
கிளெண்டைவில் பத்தொன்பது வருஷமாகக்
குதிரைக் காலடியில் குனிந்தே பிழைப்பு.
என் டிரக்கின் காலை மட்டும்
இந்த மார்ச் வரை குனிந்து பார்த்ததில்லை.

எண்பத்தெட்டாம் வருஷத்து ஃபோர்டு.
கதவுக்குக் கீழே துரு தின்ற சல்லடை.
பின்னால் பட்டறைக்கல், கேஸ் உலை,
அளவுவாரியாக லாடம், மூன்று பெட்டி.
இங்கே சேற்றுக்குத் தனிப் பெயர் உண்டு, கம்போ.
நனைந்தால் போதும்,
வட்டிக்கு விட்டவன் மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஹால்வர்சன் பண்ணைக்கு ஆறு மைல் இருக்கையில்
வழவழத்த டயர் நான்கும் கைவிரித்தன.
அங்கே மூன்று லாடத்தோடு
அவர்கள் பெண்குதிரை காத்திருக்க,
இங்கே நான்கு சக்கரத்தோடு
நான் நின்றுகொண்டிருந்தேன்.

"முப்பத்து மூன்று அங்குலம்" என்றான் ஆரின்.
சாப்பாட்டு மேசையில், போனை என் தட்டுக்கு மேல் நீட்டி.
குரோம் ரிம். அதில் வானம் தெரிந்தது.
ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுமே என்றேன்.
ஃபெண்டரைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்றான்.
செருப்புக்காகக் காலைத் தறிப்பவனையா
கட்டியிருக்கிறேன்?
உப்பை எடு என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றி
அட்டையும் அளவுகோலுமாக உட்கார்ந்தேன்.
ஆறு போல்ட் என்றால் நேருக்கு நேர் அளந்துவிடலாம்.
ஐந்தில் எதற்கும் எதிரே ஆள் கிடையாது.
ஒன்றின் நடுவில் தொடங்கி
பக்கத்துக்காரனைத் தாண்டி
அடுத்தவனின் வெளி விளிம்பு வரை,
ஐந்தரை.
மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஐந்தரை.
குதிரை இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

சிட்னியில் டெல்மர் என்று ஒருவன்,
பாதி விலைக்கு நான்கு டயர்.
அச்சிலிருந்து வந்த ரப்பர் மயிர்கூட உதிரவில்லை.
"ஒரு மைல் ஓடியதில்லை" என்றான் பெருமையாக.
பக்கச்சுவரில் முட்டைவடிவக் கட்டத்துக்குள்
நான்கு எண்கள். டார்ச் அடித்துப் படித்தேன்.
முப்பத்தேழாவது வாரம். அதன்பின் வருஷம்.
பதினான்கு வயது.
தானியக் கொட்டகையின் இருட்டில்
நின்ற இடத்திலேயே கிழடு.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
கண்ணோரச் சுருக்கம் போல மெல்லிய கோடுகள் விரிந்தன.
அவனும் பார்த்தான்.
காபி குடிக்கிறாயா என்றான்.
குடித்தேன். வாங்கவில்லை.

கடைசியில்
பதினாறு அங்குல இரும்பு ரிம், வெறும் கறுப்பு.
டயர் ஒல்லி, உயரம், பட்டறைக்கல்லைச் சுமக்கும் ஜாதி.
அகலமானது சேற்றின் மேல் மிதந்து வழுக்கும்,
ஒல்லியானது வெட்டிக்கொண்டு
அடியில் கெட்டித்தரை தேடும்.
கடைக்காரனும் இதையே சொன்னான்,
நான் முதலில் சொன்னேன், அவ்வளவுதான்.
"தபால் வண்டி மாதிரி இருக்கிறது" என்றான் ஆரின்.

சக்கரம் உயர்ந்ததில்
ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லப் பழகிவிட்டது.
முள் அறுபதைக் காட்டும்போது
நிஜத்தில் அறுபத்தைந்து.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
ஹால்வர்சன் பண்ணைக்கு நேரத்துக்குப் போனேன்.
சும்மா வருகிறேன் என்று ஆரினும் ஏறிக்கொண்டான்.

பெண்குதிரை புது டயரை முகர்ந்து
தும்மிவிட்டுக் காலைக் கொடுத்தது.
நாலாவது லாடம் பொருத்திக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஏதோ கிணுங்கியது.
திரும்பினால்
ஸ்பேனரும் கையுமாக மண்டிபோட்டிருக்கிறான் ஆரின்.
ஐம்பது மைலில் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்,
நான் மறந்திருந்தேன்.
ஒன்றைத் தாண்டி ஒன்று, நட்சத்திரம் வரைவது போல,
சரியான வரிசையில் முறுக்கிக்கொண்டே
"குரோமாக இருந்தால்
இப்போது உன் முகம் தெரியும்" என்றான்.

என் உதடுகளுக்கிடையே ஆறு ஆணி.
பதில் சொல்ல முடியவில்லை.