உள்ளே வாழும் பிராணியா?

பிக்டனில் கப்பல் ஏறியபோது
ரூவுக்கு வயது பதினொன்று.
ஓரெழுத்துப் பெயர்,
எதிர்க்காற்றில் கத்த அதுதான் வசதி.
அடித்தட்டில், வண்டிக்குள், மூன்றரை மணி நேரம்
தூங்காமல் என் மழைக்கோட்டைக் காவல் காத்தாள்.
மேல்தட்டில் நான்
கைபேசியில் வீடுகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
இரண்டு அறை, கடல் தெரியும், நாய் கூடாது.
ஒரே அறை, கடல் தெரியாது, நாய் கூடாது.
கார் நிறுத்த இடம் மட்டும்.
நாய் கூடாது.

லம்ஸ்டனில் இருபத்தாறு வருடம் ஆடு மேய்த்தவன்.
முழங்கால் போனது. மலை போனது.
வெல்லிங்டனில் பேருந்து ஓட்டப் பழக வந்தேன்.
இங்கே நாய்க்கும் ஜாதகம் கேட்கிறார்கள்:
புகைப்படம் ஒன்று, தடுப்பூசிச் சீட்டு,
பழைய வீட்டுக்காரர் தந்த நற்சான்று.
குணம் என்ற இடத்தில் ‘சாது’ என்று எழுதினேன்.
இருநூறு ஆட்டைக் கண்ணாலேயே திருப்புவாள்
என்பதை எழுதவில்லை.
கடைசிக் கேள்வி:
உள்ளே வாழும் பிராணியா, வெளியே வாழும் பிராணியா?
‘உள்ளே’ என்பதில் நான் டிக் அடித்த நேரம்
அவள் வண்டியின் பின்தட்டில்
மழையில் சுருண்டு கிடந்தாள்.
மனிதக் கூரைக்குக் கீழ் ஒரு இரவுகூடத் தூங்காதவள்.

நியூடவுனில் ஒரு சனிக்கிழமை.
பார்வை நேரம் பத்து நிமிடம், பதினான்கு பேர்,
ஏஜென்ட் பிரையனியின் கையில் பட்டியல்.
வண்டிக் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை.
ரூ குரைக்கவில்லை,
குரைப்பது அவள் தொழிலில் கிடையாது.
வயிறு தரையில் உரச வந்தாள்.
குளியலறையை அளந்துகொண்டிருந்த தம்பதி,
ஜன்னலைத் தட்டிப் பார்த்த மாணவர்கள்,
அலமாரிக்குள் தலைவிட்டிருந்த ஒரு தாடிக்காரர்,
ஏனென்று தெரியாமலே ஓரடி நகர்ந்தார்கள்.
பிறகு இன்னும் ஓரடி.
நான் ஓடி வந்து சேர்ந்தபோது
பதினான்கு பேரும் பிரையனியும்
குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால்
தோளோடு தோள் இடிக்க நின்றிருந்தார்கள்.
ஒருவர் மேலும் பல் படவில்லை.
ரூ என்னைப் பார்த்தாள்:
எந்தப் பட்டியில் அடைக்க?

அவள் ஆயுளில் செய்த ஆகச் சுத்தமான வேலை.
பாராட்டி ஒரு விசிலடிக்க முடியவில்லை.

“தகவல் சொல்கிறோம், மர்டோ” என்றாள் பிரையனி.
இன்றுவரை சொல்லவில்லை.

சொன்னவள் வைமாரி.
அந்தப் பதினான்கில் ஒருத்தி,
முதுகுப்பையை மார்போடு அணைத்தபடி
கடைசியாக வெளியே வந்தவள்.
பைக்குள் முயல்.
முயலென்று எழுத விண்ணப்பத்தில் கட்டமில்லை,
அதனால் எழுதவில்லையாம்.
“உன் நாய்க்கு வாசனை தெரிந்திருக்கும்.
காட்டிக்கொடுக்கவில்லை பார்.”
மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து செய்தி:
அத்தை மகன் வீட்டுக் கீழ்த்தளம், ஆளுக்கொரு அறை,
நூற்றுப் பன்னிரண்டு படிகள், வாடகையில் பாதி உன்னுடையது.
முயலுக்கு எத்தனை கால் என்று
நாங்கள் வாதாடாத வரை
சரிப்பட்டு வரும் என்றுதான் தோன்றியது.

சாவி என் கையில்.
தேங்காய் கிடைத்த நாயாக
ரூ வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
வாசல்வரை வருவாள், நிற்பாள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
இறைச்சித் துண்டை வாசலுக்குள் வைத்தேன்.
விசிலடித்தேன்,
மலைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கேட்டு ஓடி வருவாளே, அதே விசில்.
காதை மட்டும் என் பக்கம் அனுப்பினாள்.

இரவு தென்காற்று கிளம்பியது.
வைமாரி தன் அறைக் கதவடியில் துண்டைச் செருகிக்கொண்டாள்.
நான் மெத்தையை இழுத்து வாசலில் போட்டேன்.
இடுப்புவரை வீடு, அதற்கு மேல் காற்று.
அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே
கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது,
டிக்கை அங்கே போட்டிருக்கலாம்.

நாளை ஐந்தரைக்கு என் முதல் பேருந்து.
ஒருவரும் விசிலுக்கு ஏறமாட்டார்கள்.

ரூ மூன்று முறை சுற்றிப் படுத்தாள்,
முதுகு என் கையில், முகம் ஊரைப் பார்த்து.
கீழே எங்கோ ஒரு ஜன்னல் விளக்கு அணைந்தது.
தலையைத் தூக்கினாள்.