நூற்றுக்கு மூன்று

பேரவை கூடியது இரவு ஒன்பதரைக்கு,
மறைக்கல்வி வகுப்பறையில்.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்கப் பெரியவர்கள்.
கரும்பலகையில் ஏழு அருட்சாதனங்கள்,
ஐந்தாவது பாதி அழிந்திருந்தது.

பொருள் ஒன்றுதான்.
லேயோன்சின் விசைப்படகில் வேலை பார்த்தவன்,
வின்ச்சுக் கயிற்றில் கால் சிக்கிக் கடலில் போனவன்,
இரண்டு நாளாய்க் குழித்துறை ஆஸ்பத்திரியில்
குளிர்ப்பெட்டியில் கிடப்பவன்.
பேர் தீபேன் ஹெம்ப்ரம்.
பொழிக்கு இந்தப்பக்கம் நாங்கள் அவனை வங்காளி என்றோம்.
அந்தப்பக்கம், மலையாளக் கரையில், பாய் என்றார்கள்.

வீட்டுக்காரி போனில் சொன்னாளாம்:
கொண்டுபோக வழியில்லை, அங்கேயே மண் கொடுங்கள்.
கூட வேலை செய்யும் பையன்தான் சொன்னான்,
மூன்று மொழியைப் பிசைந்து.
அவ்வளவுதான் சொன்னாளா என்று கேட்டேன்.
இல்லை, ரொம்ப நேரம் பேசினாள், என்றான்.

எஸ்தப்பான் விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.
கெட்ட மனிதர் இல்லை;
புயல் வருடத்தில் பதினாறு வீட்டுக்கு அரிசி சுமந்தவர்.
"கல்லறைத் தோட்டம் இடவகைக்காரனுக்கு.
கார்டு உள்ளவனுக்கு, வரிபாக்கி இல்லாதவனுக்கு.
இன்னைக்கு இவன விட்டா, நாளைக்குக் கார்டுக்கு என்ன மதிப்பு?"
நியாயமான கேள்வி. இடமும் குறைவு.
வருடந்தோறும் கடல் சுவரைத் தின்கிறது.

"ஆளு எந்த மதம்?"
பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.
மூன்று வருடம் எங்கள் மீனை வாரியவனிடம்
யாரும் கேட்டதில்லை.

பங்குச்சாமி மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.
மறையுரையில் மனித மாண்பு என்பார், பொதுநலம் என்பார்,
ஏழைகள் பக்கம் திருச்சபை என்பார்.
நல்ல சொற்கள். இஸ்திரி போட்ட சொற்கள்.
அன்று சொன்னது: "பேரவை தீர்மானிக்கட்டும்."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருப்பேன்.
வருகிற ஞாயிறு என் மகளுக்கு முதல் ஓலை வாசிக்கணும்,
அதில் எஸ்தப்பான் கையெழுத்து விழணும்.
மனச்சாட்சி உள்ளே ஒலிக்கும் குரல் என்று
இதே பெஞ்சில்தான் படித்தேன்.
குரல் ஒன்றும் கேட்கவில்லை.
கை சும்மா இருக்காமல் கணக்கு நோட்டைப் புரட்டியது.

லேயோன்ஸ். கணவாய். நாற்பத்தோராயிரம்.
கோயிலுக்கு ஆயிரத்து இருநூற்று முப்பது.
லேயோன்ஸ். கிளாத்தி. லேயோன்ஸ். சாளை.
பக்கம் பக்கமாய் எறும்பு போல என் எழுத்து.
டீசலுக்கும் ஐசுக்கும் முன்னால்,
முதலாளி பங்குக்கும் கூலிக்காரன் பங்குக்கும் முன்னால்,
மொத்தத்திலிருந்து எடுக்கிற நூற்றுக்கு மூன்று.

"இதுல அவன் பங்கும் உண்டு" என்றேன்.
பொருளாளர் குரல், ரசீது கேட்கிற குரல்.
"கேக்காமத்தான் எடுத்தோம்.
மூணு வருஷம். ஒரு வாரம் பாக்கி இல்ல."

மின்விசிறி சுற்றியது.
"அப்போ கார்டு?" என்றார் எஸ்தப்பான்.
"கார்டு நாம எழுதுறதுதானே."
லேயோன்ஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதுக்கு ஏழு.
வடக்குச் சுவரோரம், என்று முடிவானது.
பழைய நாளில், திருமுழுக்கு வாங்காத பச்சைப்பிள்ளைகளைப்
புதைத்த ஓரம் அது.
அதற்குமேல் நானும் பேசவில்லை.

நாலடியில் உப்புத்தண்ணி ஊறியது.
வாளியால் இறைத்து இறைத்துக் குழி வெட்டினார்கள்,
வேண்டாம் என்று வாக்களித்த இரண்டு பேரும் இறைத்தார்கள்.
பங்குச்சாமி தோள்துகிலைப்
போடவா வேண்டாமா என்று கையில் வைத்திருந்தார்.
அந்தப் பையன் தன் மொழியில் என்னவோ சொன்னான்.
முடிந்ததும் ஆமென் என்றோம்,
வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

திரும்பி வரும்போது
துகில் அவர் கழுத்தில் கிடந்தது.
எப்போது போட்டார், நான் பார்க்கவில்லை.

நோட்டில் ஆள்பெயருக்குப் பத்தி கிடையாது,
வள்ளத்துக்கும் மீனுக்கும்தான் உண்டு.
ஓரத்தில் எழுதினேன்: தீபேன் ஹெம்ப்ரம்.
அடியில், சனிக்கிழமைக் கூட்டம்.
பொருள்: லேயோன்ஸ், அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு.

ஓலை இன்னும் என் பையில்தான்.
கையெழுத்து ஆகவில்லை.