வாட்டம்

மூன்று ஆண்டுகளாக
நான் குளித்த தண்ணீர்
எட்டாம் மாடியில் திருமதி குவெக் வைத்த
ஐஸ்கிரீம் டப்பாவில் சொட்டிக்கொண்டிருந்தது.
வணக்கம் கிடையாது, ஒரு சொல் கிடையாது,
படம் மட்டும் அனுப்புவார்:
அவர் குளியலறை உட்கூரையில் தேநீர்க் கறை.
முதலில் ஒரு காது அளவு.
பிறகு ஒரு செருப்பு.
பெருநாள் விடுமுறைக்கு முந்தைய வாரம்
துறைமுகம் சகிதம் ஒரு தீவு.

மின்தூக்கியில் எதிர்ப்பட்டால்
மாடி எண்களைப் படிப்பேன்,
ஏதோ எனக்கு வந்த கடிதம் போல.

அனுமதித் தாளைக் கதவில் ஒட்டியாயிற்று.
ஒன்பதிலிருந்து ஐந்து, வார நாள் மட்டும்.
ஷொஃபிகுல் வந்தார். குமில்லாக்காரர்.
பகல் சாப்பாட்டுக்குள்
முப்பத்திரண்டு வயதுப் பச்சை டைல்ஸ்
பதினான்கு மூட்டை ஆனது.
அடியில் இருந்த சிமெண்டுப் பூச்சு
உடையக்கூட இல்லை;
காப்பியில் நனைத்த ரொட்டி போலக்
கரண்டியோடு வந்தது.
"அக்கா, உங்க தண்ணி இங்கதான் படுத்திருக்கு."
துவாஸ் விடுதியில் மன்னார்குடிக்காரர்கள் பதினொரு பேரோடு
ஒரே அறையில் கிடந்து கற்ற தமிழ்.

பெருக்கினார். மறுபடி பெருக்கினார்.
ஈரத்துணியால் துடைத்துவிட்டு
மண்டியிட்டு, சுத்தியல் பிடியால்
தரையைத் தட்டிக்கொண்டே போனார்,
காதைச் சாய்த்து.
டக். டக். டக்.
கதவோரம் ஒரு பொத்.
அந்த இடத்தை மட்டும் வட்டமிட்டு
மறுபடி இடித்தார்.
எனக்கு இரண்டும் ஒரே சத்தம்.

மறுநாள் நீலச் சாக்கு நூலைச் சுவரில் சுண்டிவிட்டு,
"இப்ப வாட்டம் கொடுக்கணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த வாட்டம்
முகத்தில் இருப்பது.
தண்ணீர் ஊற்ற மறந்த மல்லிச் செடிக்கு வருவது.
அவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்து
குமிழியைக் காட்டினார்:
கோட்டுக்கு வெளியே, ஒரு பக்கமாக ஒதுங்கி.
"ஒரு மீட்டருக்கு ஒரு விரல், குழி பக்கம்.
நேரா இருந்தா தண்ணி நிக்கும் அக்கா.
நின்னா கீழ வழி தேடும்."

கணக்குத் தணிக்கை என் தொழில்.
குமிழி நடுவில் நிற்பதற்குத்தான்
இருபத்தாறு வருடச் சம்பளம்.

பூச்சு காய்ந்தது.
மூலைகளில் வலைப்பட்டை,
குழாய் தரைக்குள் இறங்கும் கழுத்தில் கூடுதலாக ஒரு சுற்று.
சாம்பல் நிறக் குழம்பு,
முதல் கை கிழக்கு மேற்காக,
காய்ந்தபின் அடுத்தது வடக்கு தெற்காக,
சுவரிலும் முழங்கால் வரை ஏறி.
பிறகு குழியைத் துணிமூட்டையால் அடைத்து
இரண்டு விரல் தண்ணீர் நிறுத்தினார்.
நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு.
"நாளைக்கு இதே நேரம் வரைக்கும்.
இனி வேலை கீழ் வீட்டில."

கீழே போனேன்.
இரும்புக் கதவின் பூட்டு
யோசித்துத் திறந்தது.
என் மாண்டரின் காய்கறி விலையோடு முடிந்துவிடும்,
அவர் ஆங்கிலம் பேருந்து எண்களோடு.
இரண்டு பிளாஸ்டிக் முக்காலி போட்டார்.
அவர் குளியலறைக்குள்
தலையை அண்ணாந்து உட்கார்ந்தோம்,
நிலா பார்க்க வந்தவர்கள் மாதிரி.
டார்ச் என் கையில்.
கறை அப்படியேதான் இருந்தது;
கறை எங்கே போகும்?
துடைப்பக் கட்டையில் டிஷ்யூ சுற்றி
அவர் எட்டி ஒற்றினார்.
என்னிடம் நீட்டினார்.
உலர்ந்திருந்தது.
சோடா பிஸ்கட் பாக்கெட் ஒன்று நடுவில் வந்தது.
எத்தனை தின்றோம் என்று எண்ணவில்லை.

காலையில் நீர் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
"காத்து குடிச்சது" என்றார் ஷொஃபிகுல்,
டைல்ஸ் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே.
நம்பினேன், முக்கால்வாசி.

பத்து மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
வழக்கம்போல் சொல் எதுவும் இல்லை.
கழுவிக் கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பா.

என்ன பதில் எழுதுவது?
பென்சில் கோட்டைப் படமெடுத்து அனுப்பினேன்.