முப்பத்தொன்பதாம் நம்பர் காத்தாடி

எண்பது மீட்டர் ஏணி.
இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிவிட்டால்
எனக்குப் பயமில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்
ஆனிக் காற்று தலையைக் கொடுத்து நுழையும்போது
உச்சிப் பெட்டி ஒரு சாண் ஆடும்.
அங்கே உட்கார்ந்து கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு
சாளை பொரியலும் சோறும் தின்றிருக்கிறேன்.

பயம் கீழே, வீட்டில் இருக்கிறது.
வெட்டூர்ணிமடம் பாடகர் குழு
புதிது வாங்கியபோது மூவாயிரத்துக்குத் தள்ளிவிட்ட
கீபோர்டுக்குள்.
ராத்திரி பத்தரைக்கு மேல்
ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் கட்டுகிறதை
இன்னொரு காது கேட்டுவிடுமோ என்று.

அதில் நடுக்கட்டை ஒன்று ஊமை.
அதைச் சுற்றிப் போய்ப் போய்
என் மெட்டுகளுக்கெல்லாம்
ஒரே இடத்தில் கால் நொண்டும்.

பெனிட்டாவுக்குத் தெரியும்,
கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறதென்று.
கேட்காதது அவள் மரியாதை என்று நானும்
காட்டாதது என் பிடிவாதம் என்று அவளும்
ஆறு வருஷம்.

இந்தச் சித்திரையில் ஒன்றுமே வரவில்லை.
காற்றும் இல்லை.
மலையடிவாரம் முழுக்கக் காத்தாடிகள்
கையை விரித்துக்கொண்டு சும்மா நின்றன.
நானும் கட்டைகளின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு
மின்விசிறியைப் பார்த்திருந்தேன்.
விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்,
ஊமைக்கட்டையோடு எவன் வாங்குவான்.

வைகாசிக் கடைசியில்
முப்பத்தொன்பதில் பிரேக்கை விடுவித்தேன்.
மூன்று இறக்கையில் ஒன்றின் நுனியை
மின்னல் கடித்திருந்தது.
ஹூம், ஹூம், ஹுஸ்ஸ்.
ஹூம், ஹூம், ஹுஸ்ஸ்.
அடியில் கியர்பாக்ஸ்
பாவுமில்லாமல் தாவுமில்லாமல்
இரண்டுக்கும் நடுவே எதையோ
இழுத்துப் பிடித்திருந்தது.

ரிப்போர்ட்டில் எழுதினேன்:
இறக்கை நுனி சேதம், மாற்ற வேண்டும்.
எழுதுவதற்கு முன்
போனில் நாலு நிமிஷம் பிடித்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி
ஊமைக்கட்டை விழுகிற இடத்தில்
அந்த ஹுஸ்ஸை வைத்தேன்.
நொண்டல்
நடையாகிவிட்டது.
விடியற்காலம் மூன்று மணிவரை
எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன், பைத்தியம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
தோவாளை தாண்டுகையில்
கம்பெனி ஜீப்பின் புளூடூத்
கேட்காமலே என் போனைப் பிடித்துக்கொண்டது.
முன்னால் தங்கபோஸ், வண்டி ஓட்டுகிறான்.
பின்னால் அனிஷ், புதுப்பையன்.
ஸ்பீக்கரில்
என் ராத்திரி.

எண்பது மீட்டரில் நட்டு முறுக்குகிற விரலுக்கு
நிறுத்துகிற பொத்தான் அகப்படவில்லை.

“எந்தப் படம் அண்ணே?” என்றான் அனிஷ்.
தங்கபோஸ் பேசவில்லை.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
வண்டியை அணைத்தான்.
பூ மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று
பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
தங்கபோஸ் தன் பக்கத்துக் கண்ணாடியை
மேலே ஏற்றினான்.

“லே, முப்பத்தொம்பதுக்க சத்தம்லா இது?”

நான் ஆமாம் என்றேனா, தலையாட்டினேனா, தெரியாது.
ரயில் போய் முடிகிறவரை கேட்டான்.
“கொள்ளாம்.
கடைசியில மட்டும் ஓடிப்போவுது மக்கா.
பைய விடு.”
கேட் திறந்தது. கியரைப் போட்டான்.
அவ்வளவுதான்.
நாகர்கோவில்வரை டீசல் விலையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்து
ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன்.
பெனிட்டா பிள்ளையின் யூனிஃபாரத்தை
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
கடைசிப் பகுதியைப் பைய விட்டேன்.
கை நடுங்கியதில் இரண்டு இடம் தப்பு.
அவள் பெட்டியைத் தூக்கி
நிமிர்த்தி வைத்தாள்,
துணி கருகாமல்,
முடிகிறவரை.

“அந்த இறக்கய மாத்திருவாவளா?”
“அடுத்த வாரம்.
எழுதிக் குடுத்ததே நான்தான்.”

அவள் சிரித்தாள். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து.

நாற்பத்திரண்டில் ஒரு பேரிங்
முனக ஆரம்பித்திருக்கிறது.
நாளைக்கு ஏற வேண்டும்.