பிசின்

ஆயர் கடிதம் போட்டுக் கூப்பிட்டார்:
"தொப்பியில் முயல் எடுக்கிறவன்தானே நீ,
எங்கள் தேவமாதா அழுகிறாளா, வந்து பார்."

புக்கோவினாவில் அப்போது பனி.
படத்தின் முதுகைத் தட்டினேன்.
மெழுகுவர்த்திக்கும் கன்னத்துக்கும் நடுவே
விரற்கடை வைத்து அளந்தேன்.
பைன் பலகை. சூட்டில் பிசின் கசிகிறது.
கால்மணி வேலை.
செய்தவன் என்று எவனும் இல்லாத வித்தையை
அன்றுதான் பார்க்கிறேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஸம்ஃபீராவிடம் சொன்னேன்.
"தெரியுமே" என்றாள், துணியைப் பிழிந்தபடி.
"வியாழன்தோறும் சுரண்டுகிறவள் நான்தானே."
மகனுக்காக வேண்டிக்கொண்டவளாம்.
"போன மார்ச்சில் போய்விட்டான்."
பிறகும் ஏன் என்று கேட்க
வாயெடுத்தேன்.
மணி அடித்துவிட்டது.

வந்தவர்கள் கையில் நுழைவுச்சீட்டு இல்லை.
ஒருத்தர் மடியில் எக்ஸ்ரே உறை.
என் மேடையில் ஒரு துளி விழுந்தால்
அத்தனை கண்ணும் என் சட்டைக் கைக்குள் புகும்.
இங்கே துளி விழுந்தது,
பார்க்க யாருமில்லை.
எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

அறிக்கையில் பிசின் என்றே எழுதினேன்.
பொய்யில்லை.
கையெழுத்துப் போட்ட விரலில்
அது கொஞ்சம் ஒட்டியிருந்தது.
ரயிலில் இரண்டு முறை சோப்புப் போட்டேன்,
போகவில்லை.