பாப்பா வந்துச்சு

ஏற்காட்டு மலையில் பதினோராவது வளைவில்
வண்டி சூடேறி நின்றது.
குரங்குகள் எங்கள் பையைப் பார்த்தன.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வையாபுரி கேட்டான்:
"தப்பா எடுத்துக்காத.
இது நீயா தேர்ந்தெடுத்ததா?"

சிவதாபுரத்தில் ஆறு வருசம்
ஒரே பட்டறை, ஒரே கேனில் டீ.
அவன் பற்றவைப்பான், நான் மெருகு போடுவேன்.
ஒருநாளும் கேட்காதவன்.

தேர்ந்தெடுத்தது உண்டு.
பெயர்.
அன்னதானப்பட்டியில் ஒரு லாரியின் நெற்றியில்
யாரோ பெற்ற பிள்ளையின் பெயர், மணிமாறன்.
மூன்று நாள் வாய்க்குள் வைத்திருந்தேன்.
கரையவில்லை, எடுத்துக்கொண்டேன்.
முடிவெட்டும் கடை. சட்டை அளவு.
அம்மாவிடம் சொல்ல ஒரு செவ்வாய்க்கிழமை;
அன்று அவள் அரிசியை நாலு முறை களைந்தாள்.
சொல்லாமல் இருந்த பதினாறு வருசமும்
நான் தேர்ந்தெடுத்ததுதான்.
அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மற்றது?
ஐந்தாம் வகுப்பில் இலக்கணம் நடத்தினார்கள்.
வந்தான் ஆண்பால். வந்தாள் பெண்பால்.
வந்தேன்?
அதற்குப் பால் கிடையாது, அது தன்மை என்றார் டீச்சர்.
அந்தச் சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.
வந்தேன், தின்றேன், தூங்கினேன்,
நான் பேசும்வரை ஒரு சிக்கலும் இல்லை.
என்னைப் பற்றி அடுத்தவர் பேசும்போதுதான்
சொல்லின் வாலில் ஒரு ளகரம்
செருப்புக்குள் கல் மாதிரி.
கல்லையா தேர்ந்தெடுத்தேன்,
காலையா?

இதையெல்லாம் சொல்லவில்லை.
"எதுக்குக் கேக்குற?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து
ரோஸ் தாளில் சுற்றியதைப் பிரித்தான்.
சின்னக் கொலுசு, கொக்கி பிய்ந்தது.
மெருகு என்னுடையது, பார்த்ததும் தெரிந்தது.
"அஞ்சு வயசு. இது மூணாவது தடவை.
கழட்டி சாக்கடையில வீசிட்டு,
நான் பொண்ணு இல்லைனு..."
வாக்கியத்தை முடிக்கவில்லை.
கீழ்வளைவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே ஏறியது.
அது கடந்துபோகும்வரை இருவரும்
தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கும் கொலுசு உறுத்தியது.
என் தங்கைக்கும்தான் உறுத்தியது;
அவள் இன்று இரண்டு பிள்ளைக்கு அம்மா,
மெட்டி வேறு போடுகிறாள்.
"ஒண்ணும் இல்லாமயும் இருக்கும்.
இருந்தாலும் இருக்கும்.
பாப்பாவுக்கே தெரிய நாளாகும்."

"அதுவரைக்கும் என்னன்னு சொல்றது?"

"இப்ப வீட்டுல எப்படிச் சொல்ற?"

"எப்படின்னா...
பாப்பா வந்துச்சு. பாப்பா சாப்டுச்சு.
பாப்பா தூங்கிருச்சு..."
சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தி
முதல் சொல்லை மறுபடி எடுத்தான்,
தராசில் வெள்ளியை வைக்கிற மெதுவில்:
வந்துச்சு.

இஞ்சினை விரலால் தொட்டுப் பார்த்தான்.
இன்னும் சுட்டது.
விரலை ஊதிக்கொண்டே
கொலுசை என்னிடம் நீட்டினான்.
சரிசெய்வதற்கா, உருக்குவதற்கா
என்று நான் கேட்கவில்லை.
பைக்குள் போட்டுக்கொண்டேன்.